சிவப்பிரகாசம் வாங்கிய அடி

“ஏங்க்கா, உங்க வூட்டுக்காரரை ஒரு கான்ட்ராக்ட் ஆளு தினமும் கம்பால அடிச்சிகினு இருக்கானாமே?”

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அன்புக்கரசி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டதும், பிழிந்த புடவையை உதறாமல் அப்படியே நின்றாள் ருக்குமணி.

“யாரு சொன்னா?”

“எங்க வூட்டுக்காரர்தான். சுரங்கம் பூரா இதே பேச்சாம். சாரு நொண்டிக்கினு வராராம். கேட்டா, ‘சிலம்பம் வாத்தியார் கொளஞ்சியப்பன் அடிச்சது’ன்னு அவரே சொல்றாராம்!”

சிவப்பிரகாசம் சுரங்கத்தில் சூப்பர்வைசர். ஜெனரல் ஷிப்ட். ஐம்பத்து நாலு வயதில், மூன்று மாதத்துக்கு முன்னால் திடீரென்று சிலம்பம் கற்றுக்கொள்ளக் கிளம்பினார். சொல்லிக்கொடுக்கும் கொளஞ்சியப்பன் அவருக்குக் கீழேயே வேலை செய்யும் முப்பது வயது ஒப்பந்தத் தொழிலாளி. பகலில் இவர் அவனை அதட்டுவார். சாயங்காலம் குவார்ட்டர்ஸ் பக்கத்துத் திடலில் அவனைக் கும்பிட்டுவிட்டுக் கம்பை எடுப்பார்.

வீட்டுக்கு வந்தால் ஒரே பிரசங்கம்.

“இது சண்டை இல்லை ருக்கு, கலை. கம்பைத் தொடுறதுக்கு முன்னாடி தரையைத் தொட்டுக் கும்பிடறோம். அடிக்கப் போறவன் எவனாவது கும்பிட்டுட்டுப் போவானா?”

“கலைன்னா கால் ஏன் வீங்குது?”

“அதை விடு. கம்பு சுத்தறப்போ உய்ங்... உய்ங்னு ஒரு சத்தம் வரும் பாரு. வாத்தியாருக்கு அது தாளம் தப்பாம வருது. எனக்கு மிக்ஸி ஓடற மாதிரி வருது. அந்த வித்தியாசம்தான் கலை.”

வித்தியாசத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஒட்டடைக் கம்பைச் சுழற்றி, ஹாலில் டியூப் லைட்டை உடைத்ததுதான் மிச்சம்.

முழங்காலுக்குக் கீழே கன்றிக் கன்றிக் கிடந்த இடத்தில் தைலம் தேய்த்துவிட்டபோதும், ருக்குமணி அதைக் கலை என்றே நம்பியிருந்தாள்.

“போன வாரம் ஹெல்மெட் பட்டை மாட்டலைன்னு முப்பது பேர் முன்னாடி சாரு அவனைத் திட்டினாராம். அந்தக் கோவத்தை இங்க தீத்துக்கிறான்,” என்றாள் அன்புக்கரசி. “மேல ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே அவன் வேலைக்கு வேட்டு.”

சாயங்காலம் ஐந்தரைக்கு ருக்குமணி திடலுக்கு நடந்தாள்.

இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் சுரங்கத்து ஆட்கள். கையில் கம்பில்லாமல், காலை மட்டும் முன்னும் பின்னும் வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். நேராகக் கொளஞ்சியப்பன் முன்னால் போய் நின்றாள்.

“ஏம்ப்பா, வேலை இடத்துல திட்டினா, இங்க வெச்சு அடிப்பியா? நாளைக்கே மேல எழுதிக் கொடுக்கிறேன். உன் வேலை இருக்கா பாக்கலாம்.”

அவன் முகம் வெளுத்துவிட்டது. “அம்மா... சாரை நான் ஒரு அடிகூட அடிச்சதில்லீங்க.”

“அப்ப அவர் கால்ல இருக்கிறது?”

கொளஞ்சியப்பன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அது சாரு அவரே அடிச்சிக்கினதுங்க. சுத்தறப்போ கம்பு திரும்பி வந்து அவரு கால்லயே விழுது. புதுசா கத்துக்கிறவங்களுக்கு நடக்கிறதுதாங்க. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

“நான் நம்ப மாட்டேன்.”

அவன் சிவப்பிரகாசத்தை அழைத்து எதிரே நிற்க வைத்தான். கம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு அவர் முழங்காலுக்குப் பாய்ந்தது. ருக்குமணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சத்தமே இல்லை.

திறந்து பார்த்தாள். காலுக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. கம்பு அசையாமல் நின்றது.

“பாத்தியா ருக்கு?” சிவப்பிரகாசத்துக்கு முகமெல்லாம் பூரிப்பு. “வீசறது யாருக்கும் வரும். அந்த இடத்துல நிக்குது பாரு, அதுதான் நான் சொன்ன கலை. எனக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆகும்.”

ருக்குமணி அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“கலை இருக்கட்டும். அந்தப் பிள்ளை உங்களை அடிக்கவே இல்லை. அப்புறம் ஏன் அவன் அடிச்சான்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டு நொண்டினீங்க? நான் எழுதிக் கொடுத்திருந்தா அவன் பொழப்பு என்ன ஆகியிருக்கும்?”

“மெதுவா பேசு.” சிவப்பிரகாசம் திரும்பி வரிசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “மூணு மாசமா இங்க நாலு பேர்தான். இந்த மாசத்துக்குள்ள பதினஞ்சு பேராவது சேரலேன்னா, நிர்வாகம் இந்தத் திடலை ஷட்டில் ஆடறவங்களுக்குக் கொடுத்துடும். வாத்தியார் இடிஞ்சு போயிட்டார். நானும் கான்டீன்ல, பஸ்ல, பாக்கறவனையெல்லாம் கூப்பிட்டேன். நம்ம கலைன்னேன். உடம்புக்கு நல்லதுன்னேன். ஒருத்தன் வரலை.”

“அதுக்கு?”

“வாத்தியார்கிட்ட அடி வாங்கினேன்னு நொண்டிக்கிட்டே வேலைக்குப் போனேன். ஒரே வாரத்துல பதினெட்டு பேர். அத்தனை பேரும் என்கிட்ட திட்டு வாங்கினவனுங்க!”