ரேஸ்காரரின் ஞாயிற்றுக்கிழமைகள்

“கடைசியா ஒரு தடவை முகத்தைத் துடைச்சு விட்டுடறேன். அப்புறம் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க” என்றார் ரேஸ்காரர். குரல் கம்மிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கண்களையும் பதமாக ஒற்றித் துடைத்தார்.

ஞாயிறு காலையிலேயே வந்திருந்தவர் கைகட்டிப் பொறுமையாக நின்றார். பழைய இரும்புக் கடைக்காரர். இப்படிக் கலங்குகிற ஆட்கள் அவருக்குப் புதிதல்ல.

“ஹெட்லைட்டைத் துடைச்சது போதும் சார். எப்படியும் உடைக்கத்தானே போறோம்.”

ரேஸ்காரர் பிஸ்கட் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆறு வருடத்துக்கு முன்னால், ஓடாமல் கிடந்த இந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து வீட்டு ஷெட்டில் நிறுத்தினார். அன்றைக்கே கம்பெனியில் ரேஸ்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரேஸ் கிடக்கட்டும், அந்தக் கார் வாசற்படியைத் தாண்டிக்கூட அவர் பார்த்ததில்லை.

சிரத்தைக்கு மட்டும் குறைச்சலே இல்லை. பின்னால் இறக்கை வைத்தார், பக்கவாட்டில் சிவப்புக் கோடு இழுத்தார், சோற்றுத்தட்டு அளவுக்கு ஒரு ஸ்டியரிங் மாட்டினார். ஞாயிறு விடிந்தால் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, பானெட்டைத் திறந்து கார்புரேட்டரைக் கழற்றிவிடுவார். பிரித்துப் பார்க்காமல் சாவியைத் தொடுகிறவன் மடையன் என்பது அவர் கொள்கை.

இருட்டுகிற நேரம் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்புவார். கார் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

“ஆறு வருஷம் வளர்த்துட்டு, இப்ப ஏன் சார் மனசு மாறிடுச்சு?” என்றார் கடைக்காரர்.

“எல்லாம் வீட்டுக்காரிக்காகத்தான். பாவம், பஸ்ஸை நம்பி ஆபீஸ் போறா. மத்த நாள் எல்லாம் டாண்ணு போயிடுவா, திங்கக்கிழமை ஆனா லேட்டு. இன்னொரு தடவை லேட்டா வந்தா வரவே வேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாராம். இதைக் குடுத்துட்டு அவளுக்கு ஒரு ஸ்கூட்டர் எடுக்கப் போறேன். அவளுக்கே தெரியாது. காய் வாங்கப் போயிருக்கா.”

இத்தனை வருடத்தில் அவள் இந்தக் காரைப் பற்றி ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கே கம்பெனி வேன் வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விடும். அவள் பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிற்பதைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை.

ஆனாலும் மனிதர் நியாயஸ்தர். விற்கிற பொருளின் குறையை மறைக்க மனசு வரவில்லை.

“பெட்ரோல் முள்ளுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குங்க. ஒரு ஞாயிறு ஃபுல்லுங்கும், மறு ஞாயிறு பாதிங்கும். மூணு தடவை மாத்திட்டேன். டிரைவர் சீட்டும் அப்படித்தான். நான் பின்னால தள்ளி வெச்சுட்டுப் போவேன், அடுத்த ஞாயிறு பார்த்தா தானா முன்னால வந்து நிக்கும்.”

“தானாவா?”

“தானாத்தான். ஸ்க்ரூவெல்லாம் புதுசு போட்டும் பார்த்துட்டேன்.”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். ஊர் வம்பு நமக்கெதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, “ஸ்டியரிங் லாக்கை எடுத்தாத்தான் தள்ள முடியும். சாவியைக் குடுங்க” என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சீட்டுக்குள் கடைக்காரர் மடங்கி உட்கார்ந்தபோது முழங்கால் முகவாயில் இடித்தது. சாவியைத் திருகினார். கைப்பழக்கம், இன்னும் கொஞ்சம் திருகிவிட்டார்.

டுர்ர்ர்ர்! ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது.

“சார், வண்டி ஓடுது!”

ரேஸ்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. “ஓடுது! என் கை பட்டு ஓடுது! போன ஞாயிறு ஆத்திரத்துல ஒரு உதை விட்டேன், அதுல வழிக்கு வந்துடுச்சு!” கடைக்காரரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். “நீங்க போயிட்டு வாங்க. இனிமே இது விக்கறதுக்கு இல்லை.”

அந்த நேரம் பார்த்து மனைவி காய்கறிப் பையோடு உள்ளே நுழைந்தாள். இரும்புக் கடை லாரியைப் பார்த்தாள். காரின் முன்னால் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“ஏங்க, என்ன இதெல்லாம்?”

“அதை விடு. காதுல விழுதா? ஓடுதுடி! இனிமே நீ பஸ்ஸுக்கு நிக்க வேணாம், ராணி மாதிரி போகலாம்!” என்று குதித்தவர் சட்டென்று காதைச் சாய்த்தார். “இரு, சத்தத்துல லேசா ஒரு பிசிறு இருக்கு. கார்புரேட்டரை மட்டும் ஒரு தடவை கழட்டிப் பார்த்துடறேன்.”

எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

பை கீழே விழுந்தது. தக்காளிகள் திசைக்கொன்றாக உருண்டன. அவள் ஓடிவந்து பானெட்டின் மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

“ஐயோ, தொடாதீங்க! இந்தத் திங்கக்கிழமையாவது நான் இதை ரிப்பேர் பண்ணாம நேரத்துக்கு ஆபீஸ் போறேன்!”