உள்ளே வரலாமா

உள்ளே வரலாமா என்று இரண்டு போலீஸ்காரர்களும் வாசலில் நின்றுதான் கேட்டார்கள். நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்கு வந்து ஒன்பதே நாளான திருமேனி, கதவை அகலத் திறந்து, உட்காரவைத்து மோர் கொடுத்தார். மோரைக் குடித்தார்கள். பிறகு வீட்டைத் துழாவி, லேப்டாப்பையும் குளித்துவிட்டு வந்த மகனையும் கொண்டுபோய்விட்டார்கள்.

"வாரன்ட் இல்லாம வந்திருக்காங்க மாமா. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா படி தாண்டியிருக்க மாட்டாங்களாம். வக்கீல் சொல்றார்" என்றாள் மருமகள் கவிநயா.

"வீடு தேடி வந்தவங்கள எப்படிம்மா வாசல்ல நிறுத்தறது?"

மறுநாள் மாலை அழைப்புமணி அடித்தது. கவிநயா வீட்டில் இல்லை. திருமேனியின் வலது கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. இடது கையால் அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் நின்றார். வெளியே யாரோ கால்மிதியில் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.