கடுகு நுழையாத வலை

"மேஸ்திரியண்ணே, செவத்துல தொங்குதே, அதையெல்லாம் எறக்கித் தாருங்க. இல்லைன்னா இண்ணைக்கு நாங்க சுத்தியல ஓங்க மாட்டோம்."

கையில் சுத்தியலோடு குவாரி ஆபீஸ் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் ஓமனா, பின்னால் மற்ற பெண்கள். பெருங்கடவிளைப் பாறையில் கல்லுடைக்கும் பெண்களில் அவளுக்குத்தான் வாய் நீளம். நீளாமல் என்ன செய்யும்? இதே பாறையில் ஒரு கல் சில்லு தெறித்து அவள் புருஷன் சோமனின் வலது கண் போய்விட்டது.

மேஸ்திரி ராஜையா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடியில் ஒரு முகமூடியை வைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பொடிக் கம்பி வலையில் செய்து, ஓரத்தில் தோல் வைத்துத் தைத்தது. நெற்றியிலிருந்து தாடை வரை மூடும். அதே மாதிரி இன்னும் பல, சுவரில் ஆணிக்கு ஒன்றாகத் தொங்கின.

"இது ஆருக்குன்னு வாங்கினதாக்கும்?" என்றாள் ஓமனா.

"ஒங்களுக்குத்தான். ஆனா லேபர் ஆபீசர் வாற அன்னைக்கு மட்டும். நித்தம் போட்டா ஒங்க வேர்வை பட்டு துரு ஏறும். பொறவு ஆபீசருக்கு நான் எதக் காட்ட?"

"நாய்க்குக் கிடைச்ச தெங்கம்பழம் மாதிரியில்லா இருக்கு."

ராஜையாவுக்குச் சுருக்கென்றது. "எம்மா, இதத் தேடி எடுத்தது நானாக்கும். முதலாளி கண்ணாடி வெச்சது வாங்குவோம்னாரு. கண்ணாடி வேர்வையில மங்கும், கல்லு பட்டா ஒடையும், வலைதான் நல்லதுன்னு நாஞ் சொன்னேன். அதுலயும் பொடி வலை. கடுகு நுழையாது பாத்துக்க."

சொன்னவர் அதை முகத்தில் மாட்டியும் காட்டினார். "உள்ள இருந்து எனக்கு ஒன்ன நல்லாத் தெரியும். வெளிய நிக்க ஒனக்கு எனக்க மொகம் தெரியுதா?"

"தெரியல்ல. தெரியாம இருக்கதுதான் ஒங்களுக்கும் நல்லது."

அறை முழுக்க எண்ணெய் மணத்தது. அந்த வலைகளுக்கு நடந்த உபசாரம் அந்தப் பாறையில் எந்த மனுஷனுக்கும் நடந்ததில்லை.

அப்போது வெளியே முதலாளியின் லாரி வந்து நின்றது. மேலே, கையில் தடிக்கம்போடு அசலூர் ஆட்கள். ராஜையா எழுந்து ஆணிகளிலிருந்து முகமூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர்களிடம் நீட்டினார். ஓமனா திகைத்துப்போனாள்.

"அவனுவளுக்கு எதுக்கு?"

"இண்ணைக்கு ஹர்த்தால்லா? இந்தத் தாலுகாவத் தமிழகத்தோட சேக்கணும்னு பாறசாலை ரோட்டுல ஊர்வலம் வருது. லாரி போனா கல்லெறிவானுவ. காவலுக்குப் போறவனுவ மொகத்துக்கு ஒண்ணு வேண்டாமா?"

"கல்லு வருமோன்னு ஒரு சந்தேகம், அதுக்கு அவனுவளுக்கு மூடி. நித்தம் கல்லு தெறிக்கிற எங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்க மாப்பிள்ளைக்க கண்ணு போனப்ப இது இந்த ஆணியிலதானே கிடந்துது?"

"முதலாளி சொன்னாரு, நான் குடுத்தேன். தமிழகத்தோட சேரணும்னு கொடி பிடிக்கவனெல்லாம் வேலை வெட்டி இல்லாதவனாக்கும். எனக்க மோன் பொன்னுதாசப் பாரு, காலேஜுல படிக்கான். ஒரு வம்புக்கும் போவ மாட்டான். லீவு விட்டதும் பூவாருல அத்தைக்க வீட்டுக்குப் போயிட்டான்."

ஓமனா கையிலிருந்த சுத்தியலை அவர் காலடியில் போட்டுவிட்டு நடந்தாள். மற்ற பெண்களும் போட்டார்கள். எந்தத் தாலுகா எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று அதுவரை யோசிக்காதவள், அன்றைக்குச் சோமனையும் கூட்டிக்கொண்டு நேரே ஊர்வலத்துக்குப் போனாள்.

சாயங்காலம் முகமூடிகள் திரும்பி வந்தன. ராஜையா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு நெளிசல் இல்லை, ஒரு கீறல் இல்லை. பெருமையாக இருந்தது. ஒன்றில் மட்டும் சிவப்பாகத் தெறித்துக் காய்ந்திருந்தது.

"முதலாளிக்க சாமான்ல வெத்தல எச்சியத் துப்பி வெச்சிருக்கானுவ, அறிவு கெட்டவனுவ," என்று திட்டிக்கொண்டே எண்ணெய் தொட்டுத் தேய்த்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. ஓமனா நின்றாள். சேலையெல்லாம் புழுதி.

"அண்ணே, உதியன்குளங்கரை முக்குல லாரிய மறிச்சோம். வெறுங்கையோடத்தான் நின்னோம். ஒருத்தரும் ஒரு கல்லெடுக்கல்ல. அவனுவ எறங்கி அடிச்சானுவ. கொடியப் பிடிச்சிட்டு முன்னால நின்னது பொன்னுதாசாக்கும். நானும் சோமனும்தான் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில கொண்டு சேத்தோம். வாருங்க."

ராஜையா கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

கட்டிலில் கிடந்த மகனின் இடது கண்ணை மறைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். அந்தக் கண் இனிப் பார்க்காது என்று டாக்டர் சொல்லியாயிற்று. ராஜையாவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"எனக்க பிள்ளைய அடிச்சவன் ஆருலே? பேரச் சொல்லு மக்கா. அவனக் கோர்ட்டுல ஏத்தாம நான் ஒறங்க மாட்டேன். பேரு தெரியல்லன்னா ஆளையாவது சொல்லு. மொகத்தப் பாத்தேல்லா?"

பொன்னுதாஸ் இல்லையென்று மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"வலை போட்டிருந்தான். மொகம் தெரியல்லப்பா. கிட்ட வந்து கம்ப ஓங்கினப்ப தேங்கா எண்ண மணந்துது."