நாலு ஜாடி, நாலு மூடி

"ஜாடியைக் கொடுக்கறதுல எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லை டாக்டர். ஆனா மொட்டையா கொடுக்க மாட்டேன். மூடி எங்க அண்ணன்கிட்ட இருக்கு. அது வரட்டும், தரேன்."

தையல்காரம்மா இப்படிச் சொல்வது ஆறாவது தடவை.

டாக்டர் என்றால் பல் டாக்டர். ஆனால் எல்லோருக்கும் அவர் ஜாடி டாக்டர். பழைய பீங்கான் ஜாடி எங்கே கண்ணில் பட்டாலும் குனிந்து, விரலால் தட்டிப் பார்த்து, அடியில் முத்திரை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்க்காமல் நகர மாட்டார். அவர் வீட்டில் ஜாடிகள் குடியிருந்தன. மனைவியும் அவரும் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுக்க வந்த இடத்தில்தான் அந்த நாலையும் பார்த்தார். மேலே பழுப்பு, கீழே சந்தன நிறம். இடுப்பு உயரத்திலிருந்து கைக்கு அடக்கமானது வரை நாலு அளவு. எப்போதோ இழுத்து மூடிவிட்ட ஒரு சூளையின் முத்திரை. அந்தச் சூளையின் நாலு அளவும் சேர்ந்து ஒரே இடத்தில் இருந்து அவர் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து யாருக்குப் பல் பிடுங்கினாலும் மனசு அங்கேதான் இருந்தது.

தையல்காரம்மா அவற்றில் பொத்தானும் நூல்கண்டும் போட்டு, வாயை வெட்டுத்துணியால் கட்டி வைத்திருந்தார். டாக்டருக்கு வயிறு எரிந்தது.

கதை இதுதான். அம்மா இறந்ததும் வீடு, நகை, பாத்திரம் எல்லாம் சத்தமில்லாமல் பிரிந்தன. கடைசியில் இந்த ஜாடியில் வந்து நின்றது சண்டை. தங்கை ஆத்திரத்தில் நாலு ஜாடியையும் தூக்கிக்கொண்டார். அண்ணன் நாலு மூடியையும் எடுத்துக்கொண்டார். பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இத்தனைக்கும் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

டாக்டர் அண்ணனின் சைக்கிள் கடைக்குப் போனார். கடை முழுக்க கிரீஸ். மூடிகள் மட்டும் கண்ணாடி அலமாரியில், தூசி தட்டி, வரிசையாக.

"இந்த மூடியை வெச்சு நீங்க என்ன சார் பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்லை டாக்டர் சார்."

"அப்போ எனக்குக் கொடுத்துடுங்களேன்."

"உங்களுக்கு எதுக்கு? ஜாடி யார்கிட்ட இருக்கோ அவ வந்து கேக்கட்டும். உடனே எடுத்துக் கொடுக்கறேன்."

இதைக் கொண்டுபோய்ச் சொன்னதும் தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்.

"நான் வந்து கேக்கணும்னு அவர் வாயாலயே சொன்னாரா?"

"அப்படியேதான் சொன்னார்."

"அவர் கொண்டுவந்து கொடுக்கட்டும்னு சொல்லுங்க."

ஒன்று விடாக்கண்டன், இன்னொன்று கொடாக்கண்டன். கூடப் பிறந்தவர்களுக்குள் இப்படியுமா ஒரு வீம்பு என்று டாக்டருக்கு எரிச்சலாக வந்தது. இவர்களை நம்பினால் தன் ஆயுசு முடிந்துவிடும் என்று முடிவுகட்டினார்.

அடுத்த தடவை பல் செட்டுக்கு அச்சு எடுக்கிற மாவோடு வந்தார். நாலு ஜாடியின் வாயிலும் குழைத்து அப்பி, அச்சு எடுத்தார்.

"என்ன டாக்டர், ஜாடிக்குப் பல் கட்டப் போறீங்களா?"

"சும்மா ஒரு அளவுக்குத்தாம்மா."

அச்சை ஒரு பீங்கான் பட்டறையில் கொடுத்தார். சூளையில் மண் சுருங்கும் என்பது பல் டாக்டருக்குத் தெரியவில்லை. முதல் தடவை செய்த மூடி ஜாடிக்குள்ளேயே விழுகிற அளவில் வந்தது. இரண்டாவது தடவை நிறம் ஒட்டவில்லை. மூன்றாவது தடவை அமைந்தது. சந்தோஷத்தில் அன்று இரண்டு பேருக்குக் காசே வாங்காமல் பல் அடைத்து அனுப்பினார்.

நாலு மூடியையும் பஞ்சில் பொதிந்து கொண்டுவந்து, ஒவ்வொன்றாக ஜாடியின் மேல் வைத்தார். அசையாமல் உட்கார்ந்தன. தாய்ச் சூளையில் பிறந்த மூடி கூட இப்படிப் பொருந்தியிருக்காது.

"இனிமே அவர்கிட்ட யாரும் போய் நிக்க வேண்டியதில்லைம்மா. சொன்ன வாக்குப்படி ஜாடியைக் கொடுங்க."

தையல்காரம்மா ஒரு மூடியைத் தூக்கினார். திரும்ப வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"ஏம்மா, சரியா இல்லையா?"

"சரியாத்தான் இருக்கு டாக்டர். இதை எங்க அண்ணன் பார்த்தாரா?"

"இன்னும் இல்லை. போற வழியில காட்டிட்டுத்தான் போகப் போறேன். அந்த வீம்புக்கு இதுதான் பதில்."

தையல்காரம்மா அவசரமாக நாலு மூடியையும் எடுத்துப் பஞ்சுக்குள் வைத்துப் பையைக் கட்டினார்.

"வேணாம் டாக்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இப்படி ஒண்ணு செஞ்சதாவே அவர்கிட்ட சொல்லாதீங்க."

"அப்போ போய் அவர்கிட்டயே கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானே?"

"போகாம என்ன? எத்தனையோ தடவை அவர் தெருமுனை வரைக்கும் போயிட்டேன். அதுக்கு மேல கால் வரல. ஆனா என்னைக்காவது போயிடுவேன்."

"அதுக்கும் நான் இந்த மூடியைக் காட்டறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை அவர் கையில் திணித்தார்.

"மூடிக்காகவாவது வருவேன்னு பதினோரு வருஷமா பார்த்துட்டிருக்காரு. எனக்கு வேற மூடி கிடைச்சுடுச்சுன்னு தெரிஞ்சா, காத்திருக்கறதை விட்டுடுவாரு டாக்டர்."