வாசல் தேடிய மைனா

புதிதாகத் திறந்த வணிக வளாகத்துக்குள், தானாகத் திறந்துகொண்ட கதவு வழியாக ஒரு மைனா புகுந்துவிட்டது. கூட்டில் குஞ்சுகள் பசியோடு காத்திருந்தன. வெளியே போகத்தான் வழி தெரியவில்லை. நடுக்கூடத்து மரத்தில் உட்கார்ந்தால் இலையெல்லாம் பிளாஸ்டிக். மேலே தெரிந்த வானத்தை நோக்கிப் பறந்தால் கண்ணாடி. அலகில் நல்ல அடி.

"வாசல் எங்கே, அண்ணே?" என்று அங்கேயே குடியிருந்த எலியிடம் கேட்டது.

"நேராகப் போகிற மாதிரி கட்டவில்லை, தங்கச்சி. எல்லாக் கடையையும் சுற்றினால்தான் வாசல் வரும். மனுஷங்களே அப்படித்தான் போறாங்க."

செருப்புக் கடை, நகைக் கடை, பொம்மைக் கடை என்று தலை கிறுகிறுக்கச் சுற்றி, கடைசியில் திறந்த வாசலுக்கு வந்தது மைனா. எதிரே வானம். இதுவும் கண்ணாடியாக இருக்குமோ?

பறக்கத் துணிச்சல் வரவில்லை. தெருமுனைவரை தத்தித் தத்தி நடந்தே போனது.