இருவாச்சி மாதங்கள்

அன்று காலை கஞ்சி குடித்துவிட்டு, என் கணவர் நாச்சிமுத்து எங்கள் மேஸ்திரியைப் போலவே நடந்து காட்டினார். எனக்குச் சிரிப்பு வெடித்தது. ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்.

"மெதுவாடி! உன் சிரிப்பக் கேட்டா ஆண் இருவாச்சி பொண்டாட்டிக்குப் பழம் கொண்டாறத விட்டுட்டு ஓடிரும்."

அது இருவாச்சிப் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். வனத்துறையினர் மரங்களில் ஒலிப்பதிவுப் பெட்டிகள் கட்டியிருந்தார்கள். காட்டின் குரல் மட்டுமே அவற்றில் பதிய வேண்டும். மனிதச் சத்தம் மூன்றாம் முறை பதிந்தால் எங்கள் குடியிருப்பையே மலையைவிட்டு இறக்கிவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு முறை பதிந்திருந்தது. பாத்திரத்தைக்கூடச் சத்தம் வராமல் சாக்கின் மேல்தான் வைப்போம்.

மதியம் அவரைத் தேயிலைக் காட்டிலிருந்து தூக்கிவந்தார்கள். நெஞ்சுவலியாம். வழியிலேயே உயிர் போயிருந்தது. நான் கதறுவதற்குள் நாத்தனார் மரகதம் தன் முந்தானையை என் வாயில் திணித்தாள்.

"வேணாம் அண்ணி. அத்தன வீடும் புள்ளகுட்டியக் கூட்டிக்கிட்டு எங்க போகும்?" என்று காதோடு சொன்னாள். இறந்தது அவளுடைய அண்ணன்.

பறையும் ஒப்பாரியும் இல்லாமல் அவரை எடுத்துப்போனார்கள்.

மழை தொடங்கியதும் பெட்டிகளைக் கழற்றினார்கள். அன்றே பெண்களெல்லாம் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இப்ப அழுங்க அண்ணி, வாய்விட்டு அழுங்க" என்று மரகதம் என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். எல்லோரும் அழுதார்கள். நானும் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. பெட்டிகள் இல்லாத மாதங்களிலும், அடுப்பிலிருந்து குண்டானை இறக்குவதற்கு முன் தரையில் சாக்கு விரித்துக்கொள்கிறேன்.