யார் வீட்டு வாசலில் வண்டி?

எங்கே தொடங்கினாலும் தப்பாகத்தான் சொல்லப்போகிறோம் என்று சத்தியபாய்க்குப் பயமாக இருந்தது. கடியப்பட்டணத்தில் பஸ் ஏறியபோதே பிடித்த பயம். சுகாதார நிலையத்து நர்சம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

“சிஸ்டர், நான் குறை சொல்லுதேன்னு நினைக்கப்பிடாது. பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி இருக்காள்லா, அவ வீட்டுக்காரர் செல்வதாஸ் அண்ணனுக்குப் புற்றுநோய். இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு பெரியாஸ்பத்திரியில அனுப்பிட்டாவ. நீங்க வீடு தேடி வண்டியில வந்து வலிக்கு மருந்து குடுக்குதிய. அவ, ‘இந்த வண்டி இனி இங்க வரப்பிடாது’ன்னு விரட்டிட்டா. என் காதால கேட்டேன்.”

“சரி.”

“அந்த மனுசன் துடிச்சே சாவணுமா? கல்நெஞ்சுக்காரி.”

“முதல்தடவை வண்டி வந்தப்போ நீங்க என்ன செய்திய?”

“ஓடிப்போய்ப் பொம்பளையளைக் கூட்டிட்டு வந்தேன். வண்டி வந்தாலே முடியப்போவுதுன்னுதானே அர்த்தம்? கட்டிலைச் சுத்தி நின்னு செபமாலை சொன்னோம். நல்ல மரணத்துக்கான செபமும் சொன்னோம். நேசம்மாள் ஒப்பாரியே வச்சிட்டா.”

“அண்ணன் அப்போ என்ன செய்துக்கிட்டிருந்தாரு?”

சத்தியபாய் யோசித்தாள். “மீன்கறி ஊத்திச் சோறு தின்னுக்கிட்டிருந்தாரு.”

நர்சம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “‘வண்டி வந்தா கூட்டம் வரும், அதுக்கு வலியே தேவலை’ன்னு அவர் மருந்தே வேண்டாம்னுட்டாரு. அதான் வேளாங்கண்ணி வண்டியை விரட்டினா. உங்க தெருவுக்கு நைட்டி விக்க ஒரு பிள்ளை வருதே, பாத்தியளா?”

“பாக்காம? வேளாங்கண்ணி அவளை உள்ள கூப்பிட்டு வச்சி எவ்வளவு நேரம் பேசுதா. புருசன் கிடக்கான், இவளுக்கு நைட்டி கேக்குதுன்னு நானே…”

“அது எங்க நர்ஸ் ரெஜிஷா. நைட்டிக்கு அடியிலதான் மருந்து.”

சத்தியபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இனி அதுவும் நடக்காதுக்கா. புண்ணு பெரிசாயிட்டு. கழுவிக் கட்ட பெட்டி பெட்டியா சாமான் வேணும், வண்டி வந்தே ஆகணும். அவர் சம்மதிக்க மாட்டேங்காரு.”

“என் வீட்டு முன்னால நிறுத்துங்க,” என்றாள் சத்தியபாய். “புறவாசல் வழியா அவ அடுக்களைக்குப் போயிரலாம். நடுவுல சுவரு கிடையாது.”

வியாழக்கிழமை வண்டி வந்தது. ரெஜிஷா பெட்டிகளோடு புறவாசலைத் தாண்டியிருப்பாள். அதற்குள் முன்வாசலில் நேசம்மாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். எல்லார் கையிலும் செபமாலை.

“ஏட்டி சத்தியபாய், உன் வீட்டு முன்னால வண்டி நிக்கு. யாருக்குட்டி முடியல?”

பக்கத்து வீட்டில் ஏதோ தட்டு விழுந்த சத்தம். நேசம்மாளின் தலை மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.

“எனக்குத்தான் மக்கா,” என்று முனகிய சத்தியபாய் கட்டிலில் சாய்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.